கண் திறந்த குதிரைக்காரர்

மானகிரிப் பக்கம் கண்மாய்க் கரையில் நிற்கும் அய்யனார் குதிரையை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் அதன் வயிற்றடியில் கடிவாளம் பிடித்து நிற்கும் குதிரைக்காரரைத்தான் பார்ப்பேன். அது என் வீட்டுக்காரர் முகம்.

அவர் வெல்டர். துபாயில் சில காலம் இருந்துவிட்டு வந்து செக்காலையில் பட்டறை போட்டிருந்தார். பனை உயரக் குதிரைக்குள் கம்பிக்கூடு கட்ட ஸ்தபதி அவரைத்தான் கூப்பிட்டார். பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கினவாம். அவற்றைப் பழக்க ஆட்களும் கூடவே வந்தார்களாம்; எங்கள் ராவுத்தர் வம்சம் அவர்கள் வழி என்பார்கள். அதனால் பக்கத்தில் தாடி வைத்த ராவுத்தர் ஒருவரை நிறுத்த வேண்டும் என்பது ஸ்தபதியின் ஆசை.

"ராவுத்தரையே கையில வச்சுக்கிட்டு முகத்துக்கு எங்குட்டுப் போய்த் தேட?" என்றார் இவரைப் பார்த்து.

இவர் சிரித்தார். "குதிரைக்கார வம்சம்னு பேருதான். பாதி நாளு பைக்கையே தள்ளிக்கிட்டுத்தான் வாரேன்."

சோறு கொண்டுபோன ஒரு மதியம் அந்த முகத்தைப் பார்த்தேன். பூச்சு முடியாத பச்சைச் சிமெண்டு. ஆனால் பற்றவைக்கும்போது ஒரு கண்ணை இடுக்குவாரே, அது அப்படியே வந்திருந்தது. அவர் போட்டோ என்னிடம் இல்லாமல் இல்லை. பாஸ்போர்ட்டில் இருப்பது விறைத்துப்போன யாரோ ஒரு மனுஷன்.

குதிரைக் காதுக்குக் கம்பி வைக்க ஏறியவர் சாரம் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அந்தக் காலத்துக் குதிரைகளும் இந்த ஊர்த் தீனி சேராமல் செத்துக்கொண்டே இருந்தனவாம், ராஜா வாங்கிக்கொண்டே இருந்தாராம். அதை எழுதி வைத்திருக்கிறார்கள். கூட வந்த ஆட்களும் செத்திருப்பார்களே, அதை யார் எழுதினார்கள்? எனக்கு ஆத்திரமாக வந்தது.

நான் இத்தாவில் உட்கார்ந்தேன். புருஷன் போனவள் நான்கு மாதத்துக்கு மேல் வாசல் தாண்டக் கூடாது. அப்போதுதான் ஸ்தபதி வந்து வெளியே நின்றார். நான் கதவுத் திரைக்கு இந்தப் பக்கம்.

"ஊர்க்காரவுக ஒத்துக்கல தங்கச்சி. அகாலமாப் போனவுக முகம் கோயில்ல இருக்கக்கூடாதுங்குறாக. கண் தெறக்குறதுக்கு முன்னாடி கொத்திட்டு வேற முகம் வைக்கணுமாம்."

"கண் தெறந்துட்டா?"

"தெறந்துட்டா உசுரு வந்த மாதிரி, ஆரும் தொட முடியாது. அடுத்த குடமுழுக்கு வரைக்கும் உளியும் படக்கூடாது, கரண்டியும் படக்கூடாது."

"அப்பத் தெறந்துருங்கண்ணே."

"மேப்பூச்சு இன்னும் பூசலையே. மழை தாங்காது. பூசவும் நேரமில்ல, கொத்த ஆளு நாளைக் காலையிலயே வந்துருவாக."

"இருக்குற மாதிரியே தெறங்க. அந்த முகம் எனக்கு வேணும்."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஸ்தபதி போய்க் கண்ணைத் திறந்துவிட்டார். அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் திறந்த கண்ணுக்குப் பயந்து உளியைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள். அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் செத்தபிறகு முதல் தடவையாக, வயிறாரச் சாப்பிட்டேன்.

இத்தா முடிந்து போய்ப் பார்ப்பதற்குள் ஐப்பசி மழை பெய்துவிட்டது. கன்னம் பெயர்ந்து உள்ளே கம்பி தெரிந்தது. அவரே பற்றவைத்த கம்பி. துரு வடிந்து தாடி சிவந்திருந்தது. கண் மட்டும் இடுக்கியபடியே இருந்தது.

"ஒரு கை சிமெண்டு வச்சாப் போதும்ண்ணே," என்றேன், கூட வந்திருந்த ஸ்தபதியிடம்.

"கண்ணத் தெறந்த நானே எப்படித் தங்கச்சி தொடுவேன்?"

அவர் அழுதார். எனக்கு அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. யாரும் தொடக் கூடாது என்று கேட்டு வாங்கியவள் நான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் போகிறேன். முதலில் மூக்கு போனது, பிறகு உதடு. போன வாரம் போனபோது அந்தக் கண்ணும் விழுந்து புல்லில் கிடந்தது. தொடலாமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன்.