நாங்கள் லீக் மாறிய வருடம்

எங்கள் கழகம் பிரெஞ்சு லீக்குக்குப் போகலாமா என்று கேட்ட கூட்டத்தில் முதலில் கையை உயர்த்தியவன் நான்தான். இன்றைக்கு யாரைக் குறை சொன்னாலும் இதை மறைத்துவிட்டுச் சொல்ல முடியாது.

அப்போது நான் பாரிசுக்கு வந்து ஒன்பது வருடம். லா சப்பலில், தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் என்ற தெருவில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. கிழமையில் ஆறு நாள் அடுப்படி, ஞாயிற்றுக்கிழமை உதைபந்தாட்டம். பாரிசைச் சுற்றியிருந்த தமிழ்க் கழகங்கள் தங்களுக்குள் ஒரு லீக் நடத்திவந்தன. மைதான ஓரத்தில் ரோல்சும் கொத்துரொட்டியும் இருக்கும். ஒலிபெருக்கியில் ஒருவர் நேர்முக வர்ணனை செய்வார். நடுவரின் தீர்ப்புப் பிடிக்காவிட்டால் ஆட்டம் அரைமணி நேரம் நின்றுவிடும். நான் பின்வரிசையில் ஆடினேன். ஐந்து வருடமாக அணித் தலைவனும் நான்தான்.

கழகத்தை நடத்தியவன் என் நண்பன். பாரிசுக்கு வெளியே பொபினியில் ஒரே அறையில் நாலு வருடம் இருந்தோம். என்னுடைய அகதி விண்ணப்பம் முதல் முறை நிராகரிக்கப்பட்ட அன்று நான் சாப்பிட மறுத்துப் படுத்திருந்தேன். சோற்றைக் குழைத்து என் கையில் உருட்டி வைத்தவன் அவன். அவனுக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். அலுவலக வேலை கிடைத்த பிறகும் என்னை மறக்கவில்லை.

அவன்தான் ஒருநாள் கேட்டான்: "மச்சான், இத்தனை வருசமா அதே ஆக்களோட விளையாடுறம், அதே ஆக்களிட்டத் தோக்கிறம். பிரெஞ்சு லீக்குக்குப் போனா என்ன? ஆகக் கீழ்ப் பிரிவில தொடங்குவம். ஒவ்வொண்டா ஏறலாம்."

"பெடியள் தாங்குவாங்களோ?"

"முதல் வருசம் அடி வாங்குவம். ரெண்டாம் வருசம் பார்."

"பழைய ஆக்களை விட்டுப்போடுவியோ?"

"விசரே உனக்கு? ஒருத்தரையும் விடமாட்டன். நீ அவங்களுக்குச் சொல்லு. நான் சொன்னா யோசிப்பாங்கள், நீ சொன்னா நம்புவாங்கள்."

அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

உணவகத்தின் நிலவறையில், மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு கூடினோம். எங்கள் கோல்காப்பாளர் மட்டும் தயங்கினார். வன்னியில் இருந்து வந்தவர், மரக்கறிக் கடையில் வேலை, எனக்கு நாலு வயது மூத்தவர். தமிழ் லீக்கை விட்டுப் போனால் திரும்பி வர இடமில்லை என்று அவருக்குத் தெரியும்.

"அங்கை போனா என்னை வைச்சிருப்பினமோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "எனக்கு வயசும் போட்டுது. பிரெஞ்சும் தெரியாது."

"நான் இருக்கும்வரைக்கும் நீங்களும் இருப்பியள், அண்ணை" என்றேன்.

நான் கையை உயர்த்தினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் கையையும் உயர்த்தினார்.

செய்தி வெளியே போனதும் மற்றத் தமிழ்க் கழகத்தார் எங்களைத் துரோகிகள் என்றார்கள். எங்கள் ஆட்களிடையே அது விளையாட்டுக்குச் சொல்கிற சொல் அல்ல. பல வருடம் என்னோடு தேநீர் குடித்த ஒருவர், கடை வாசலில் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து போனார். அதையும் தாங்கிக்கொண்டேன். நாங்கள் எல்லோரும் சேர்ந்து போகிறோம் என்ற நினைப்பு இருந்தது.

முதல் ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கினோம். தோல்வியைவிட அந்த அமைதிதான் என்னை உலுக்கியது. வர்ணனை இல்லை, ரோல்ஸ் இல்லை. வேலி ஓரம் ஒரு மனிதர் நாயோடு நின்றார். நடுவரோடு நான் தமிழில் வாதாடினேன். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் மஞ்சள் அட்டை காட்டினார். டிசம்பரில் நத்தார் பண்டிகை வரைக்கும் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்கவில்லை. அன்றைக்குக் கடைசி நிமிடப் பெனால்டியைக் கோல்காப்பாளர் பாய்ந்து தடுத்தார். சமநிலைதான், ஆனால் கோப்பை வென்றவர்கள்போல அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

புது வருடத்துக்குப் பிறகு புதிய முகங்கள் வந்தன. பியர்ஃபித் என்ற புறநகரில் இருந்து வந்த இளைஞர்கள், இங்கேயே பிறந்த எங்கள் ஆட்களின் பிள்ளைகள். நாங்கள் தமிழில் கூப்பிட்டால் பிரெஞ்சில் பதில் வரும். காற்றுப்போல ஓடினார்கள். என் இடத்தில் ஒருவன் ஆட, நான் மைதான ஓரத்தில் மாற்று ஆட்டக்காரர் வாங்கில் இருந்து பார்த்தேன். நியாயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பனியால் சில கிழமையாக ஆட்டமும் பயிற்சியும் இல்லை என்று நம்பியிருந்துவிட்டு, பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை நானும் கோல்காப்பாளரும் வழக்கம்போலப் பயிற்சிக்குப் போனோம். மைதானத்தில் எவரும் இல்லை. சப்பாத்துக் கயிற்றையும் கட்டிவிட்டு இருபது நிமிடம் குளிரில் நின்றோம். மைதானக் காவலாளி வந்து, உங்கள் அணி மூன்று கிழமையாகப் புதன்கிழமையில்தானே பயிற்சி செய்கிறது, தெரியாதா என்று கேட்டார். நான் தொலைபேசியை எடுத்துக் கழகத்தின் வாட்சப் குழுவைத் திறந்தேன். கடைசிச் செய்தி வந்து மூன்று கிழமை. அவர்கள் வேறு குழு தொடங்கியிருந்தார்கள்.

காவலாளி சொன்னதை நான் தமிழில் சொன்னேன். கோல்காப்பாளர் குனிந்து கயிற்றை அவிழ்த்தார். நான் அவரிடம் வேறொன்றும் சொல்லவில்லை. மெத்ரோ ரயிலில் எதிரெதிரே இருந்து வந்தோம்.

அன்றைக்கே நண்பனை லா சப்பலில் ஒரு தேநீர்க் கடைக்கு வரச்சொன்னேன். வந்தான்.

"ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ கோவிப்பாய். சீசன் முடியச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"ஒருத்தரையும் விடமாட்டன் எண்டனி."

"அப்ப அப்பிடித்தான் நினைச்சனான், மச்சான். தோத்துக்கொண்டே இருந்தா கழகமே இல்லாமல் போயிடும். நீயே யோசி."

"அப்ப நான்?"

"நீ கழகத்துக்கு எவ்வளவோ செய்தனி" என்றான்.

செய்தனி. எல்லாம் முடிந்துபோனதுபோலச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பொய் சொல்லியிருந்தால் அடிக்கவாவது முடிந்திருக்கும். தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அடுத்த நாள் மரக்கறிக் கடைக்குப் போனேன். கோல்காப்பாளர் முருங்கைக்காய்க் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அவன் எங்களை ஏமாத்திப்போட்டான், அண்ணை."

அவர் திரும்பவில்லை. "அவன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. நீதான் சொன்னனி."

அந்த வருடம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

கழகம் நண்பன் சொன்னபடியே ஏறியது. இரண்டாம் வருடம் பிரிவில் முதலிடம். ரூ காயில் கடை கடையாக அணியின் படத்தை ஒட்டினார்கள். துரோகிகள் என்று சொன்னவர்களே "எங்கட பெடியள்" என்றார்கள். படத்தில் இருந்தவர்களில், நிலவறையில் கையை உயர்த்தியவர்கள் இரண்டு பேர்தான்.

ஒருமுறை ஆட்டம் பார்க்கப் போனேன். நன்றாகவே ஆடினார்கள். கோல் விழுந்தபோது நான் கைதட்டிவிட்டேன். உடனே என்மேலேயே எரிச்சல் வந்தது. இடைவேளையில் நண்பன் வேலிக்கு வந்தான்.

"வயசான ஆக்களுக்கு ஒரு அணி தொடங்கிறம். நீ பொறுப்பெடன்."

"எனக்கு வேலை இருக்கு" என்றேன். அன்றைக்கு எனக்கு விடுமுறை.

கோல்காப்பாளர் ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, தமிழ் லீக்கில் இன்னொரு கழகத்தில் சேர்ந்தார். மன்னிப்புக் கேட்டு, அந்தக் கழகத்தாரின் காலில் விழாத குறையாகச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். போன கோடையில் அவர்களுடைய ஆட்டத்துக்குப் போனேன். முடிந்ததும் அவரிடம் போய், "பிழை என்னில, அண்ணை. தெரியாமல் வாக்குத் தந்திட்டன்" என்றேன். நண்பனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "ஓம்" என்றார். கையுறையைப் பைக்குள் வைத்துவிட்டு, "அண்டைக்கு மெத்ரோவிலயே இதைச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

பிறகு அவருடைய அணிக்காரர் கூப்பிட, அவர்களோடு போனார்.