ஓரத்து வரிசை இலை

முதலில் மஞ்சளைக் கண்டது நான் அல்ல, என் கணவர் கணேசன். வத்தேகமவில் எங்கள் பலசரக்குக் கடை வாசலில், காலை வெளிச்சத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தேன்.

"கண்ணு என்னா இப்படி மஞ்சளா கெடக்கு?"

தூக்கம் பத்தவில்லை என்றேன். சோற்றைக் கண்டாலே குமட்டியதையும், உள்ளங்கை அரித்ததையும், சிறுநீர் பால்விடாத சாயத்தண்ணி நிறத்தில் போனதையும் அவரிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் தள்ளிப்போட வேலைக்குப் போகிற பெண்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இதே நோயோடு இதைப் படிக்கிற நீங்கள் தள்ளிப்போடாதீர்கள்.

கண்டியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஈரல் நொதிகள் (ஈரல் புண்படும்போது இரத்தத்தில் கசிபவை) எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. கிருமியால் வந்ததா என்று பார்த்தார்கள். கிருமி இல்லை. யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாட்டு மருந்து ஏதும் குடிக்கிறனீங்களோ?"

"இல்ல டொக்டர். காலையில வல்லாரைக் கஞ்சி மட்டும்தான்."

"அதை முதல்ல நிப்பாட்டுங்கோ."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எனக்குச் சோறு போடுவதே வல்லாரைதான். மூலிகைப் பயிர்களை ஆராயும் ஒரு நிலையத்தில் உத்தியோகம். வல்லாரையை அழிக்கும் இலைப்புள்ளி நோய்க்கு (பங்கசு என்ற பூஞ்சையால் இலை கருகிப்போவது) இரசாயனம் இல்லாமல் வழி தேடிக்கொண்டிருந்தோம். வேப்பிலையும் உள்ளிப்பூண்டும் அரைத்த சாறுதான் எங்கள் நம்பிக்கை. சாறு அடித்த பாத்திகளில் இலை பளபளவென்று நின்றது. அந்த இலையைத்தான் நான் குடித்தேன்.

பரிசோதனைப் பாத்தியில் அறுத்த இலையை நாங்கள் விற்பதில்லை. எடை நிறுத்து முடித்ததும் மேசையில் குவித்துவிடுவோம், ஆளுக்கொரு கட்டு வீட்டுக்குப் போகும். எனக்கு எப்போதும் பெரிய கட்டு, தினமும் கஞ்சி காய்ச்சிக் குடிப்பது நான் மட்டும்தான். எங்கள் பொறுப்பதிகாரி ராஜேந்திரன் அண்ணன் மட்டும் அந்தக் குவியலைத் தொடமாட்டார். பாத்திகளைச் சுற்றிக் காவலுக்கு நடும் ஓரத்து வரிசை ஒன்று உண்டு. அதை நிறுப்பதுமில்லை, அதற்குச் சாறு அடிப்பதுமில்லை. அங்கே போய் ஓட்டையும் புள்ளியுமான இலையைப் பிடுங்கிக்கொள்வார்.

"என்னாண்ணே, புழு தின்ன மிச்சமா?" என்று கேலி செய்வேன்.

"புழு திங்கிற எலதான் தங்கச்சி ருசி" என்பார்.

அண்ணன் என்று சும்மா கூப்பிடவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. என் கல்யாணத்தில் அண்ணன் முறை நின்று, மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்து வந்தவர் அவர்.

கஞ்சியை நிறுத்தினேன். மஞ்சள் மெல்ல இறங்கியது, அரிப்பு அடங்கியது, பசி வந்தது. வேலைக்குத் திரும்பியதும் டொக்டர் சொன்னதை அண்ணனிடம் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"டொக்டர்மாருக்குப் பச்ச எலன்னாலே ஆகாது. நீ குடி தங்கச்சி. நீயே குடிக்கலேன்னா வேற யாரு நம்புவா?"

குடித்தேன். இந்த முறை மஞ்சள் கண்ணோடு நிற்கவில்லை. தோலில் இறங்கியது, வயிறு வீங்கியது, பட்டப்பகலில் கணவரின் பெயர் மறந்துபோனது. ஈரல் செயலிழக்கத் தொடங்கினால் நஞ்சு மூளைவரை போகும் என்று டொக்டர் கணேசனிடம் சொன்னாராம். பிழைப்பேனா என்று அவர் கேட்டதற்கு, "பாப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

நினைவு தெளிந்த பிறகு அண்ணன் செவ்விளநீரோடு பார்க்க வந்தார். கணேசன் கள்ளமில்லாமல்தான் கேட்டார்.

"நீங்களும் அந்த எலயத்தானே அண்ணே எடுத்துட்டுப் போறீங்க? ஒங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லியே?"

"நாங்க ஓரத்துலதானே புடுங்குறோம், அதுல மருந்து..."

அண்ணன் இளநீரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"எந்த மருந்துண்ணே?" என்றேன்.

வெறும் வேம்பும் பூண்டும் நோயை நிறுத்தவில்லையாம். மேலே இருப்பவர்களுக்கு முடிவு காட்ட வேண்டியிருந்ததாம். அதனால் சாறு கலக்கும்போது ஒரு பங்கசுகொல்லியையும் சேர்த்திருக்கிறார். அதை அடித்தால் இலையைப் பறிக்காமல் நாள்கணக்கில் விட்டுவைக்க வேண்டும். நாங்களோ சாறுதானே என்று மறுநாளே அறுத்தோம்.

"கொஞ்சம்தான் தங்கச்சி கலந்தேன். வெளிய சொல்லிடாத."

வேலியே பயிரை மேய்ந்த கதையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டிருக்கிறேன். எங்கள் வேலி தனக்கு மட்டும் நல்ல இலையை ஒதுக்கிவைத்துக்கொண்டு மேய்ந்தது. கலந்ததைக்கூட ஒருநாள் மன்னிப்பேனோ என்னவோ. "நீ குடி தங்கச்சி" என்றாரே, அதை மன்னிக்க என்னால் ஏலாது.

மருந்தின் பெயரை டொக்டரிடம் சொன்னேன். "அதாலதான் எண்டு சத்தியம் பண்ணிச் சொல்லேலாது. ஆனா குடிக்க ஏறுது, நிப்பாட்ட இறங்குது. இனி ஒரு தரம் சோதிச்சுப் பாக்க உங்களிட்ட ஈரல் இல்லை" என்றார். அவரிடம் நான் கோபப்பட்டதற்கு அன்று மன்னிப்புக் கேட்டேன்.

நடக்க முடிந்ததும் முதலில் தெல்தெனியவுக்குப் போனேன். அங்கே கீரை பயிரிடுபவர்களிடம் "இன்னிக்கு அடிங்க, நாளைக்குப் பறிங்க" என்று சொன்ன வாய் என்னுடையது. எங்கள் நிலையம் கொடுத்த சாற்றுப் போத்தல்களை ஒன்றுவிடாமல் திருப்பி வாங்கினேன். ஒரு பெண் மட்டும், "எங்க பிள்ளைகளும் தின்னுச்சே, இப்ப என்னா செய்ய?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன்.

மேலிடத்திலும் சொன்னேன். விசாரிப்போம் என்றார்கள். பாத்தியை உழுதுவிட்டு, அண்ணனை வேறு நிலையத்துக்கு அனுப்பினார்கள், பதவி உயர்வோடு. போவதற்கு முன் ஒரு கட்டு வல்லாரையோடு கடைக்கு வந்தார்.

"ஓரத்து எலதான் தங்கச்சி. பயப்படாம சாப்பிடு."

"எனக்கும் இதக் குடுக்கலாம்னு அப்பவே தோணலியாண்ணே?"

அவர் கட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கணேசன் அதை எடுத்துக் குப்பையில் போட்டார்.

நம்ப நட, நம்பி நடவாதே என்பார்கள். நான் இப்போது இரண்டையும் செய்வதில்லை, காத்திருக்கிறேன். வலது விலாவின் கீழ் கைவைத்துத்தான் படுக்கிறேன். ஈரல் என்று ஒன்று அங்கே இருப்பது முன்பு எனக்குத் தெரியாது. யார் எதைத் தின்னத் தந்தாலும் அந்த இடம் இறுகுகிறது. இன்றைக்குத் தின்னாதே, நாளைக்கு, நாளை மறுநாள் என்று சொல்கிறது.

கடையின் பின்னால் ஒரு தொட்டியில் வல்லாரை வைத்திருக்கிறேன். கஞ்சிக்கல்ல, தேங்காய்ப்பூவோடு கொஞ்சம் சம்பல் போட மட்டும். டொக்டர் இன்னும் அனுமதிக்கவில்லை. காலையில் குனிந்து பார்க்கிறேன். ஒரு பச்சைப்புழு இலையோரத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறது. முன்பென்றால் நசுக்கியிருப்பேன். இப்போது அது மறுநாளும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் எழுந்து வருகிறேன்.