என் மனைவிக்கு நான் பிடித்துக் கொடுத்த நோயாளிகள்

என் மனைவி புலாவ் செபாங் பக்கம் அரசாங்க கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். நான் தோட்டத்தில் எண்ணெய்க்கு வெட்டும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். பள்ளிக்கூடம் என்னை ஆறாம் வகுப்பு வரை பொறுத்துக்கொண்டது. அதற்கப்புறம் இருவரும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம்.

தோட்டத்தில் வளர்ந்தவனுக்குச் சம்பளக் கணக்கு ஒன்றுதான். வெட்டின குலைக்குக் கூலி. மழை பெய்தால் வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. மிஸ்ஸிக்கும் அப்படித்தான், ஊசி குத்துகிற ஆளுக்கு இவ்வளவு என்று இருக்கும் என யாரையும் கேட்காமலே நான் முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் சும்மா இருப்பேனா? தோட்டத்தில் யார் தும்மினாலும் லோரியில் ஏற்றி, கிளினிக் வாசலில் இறக்கினேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் தலை சுற்றுகிறது என்றார்.

"வெயில்தான் தம்பி, ஒன்னுமில்ல லா."

"வெயில்னு நீங்க சொல்றீங்க. மிஸ்ஸி சொல்லட்டும், ஏறுங்கக்கா!"

ஒரு திங்கட்கிழமை மனைவி வேலை முடிந்து வந்து பையை நாற்காலியில் எறிந்தாள்.

"என்னங்க இது, தோட்டமே வந்து கிளினிக்ல உக்காந்திருக்கு! யாரக் கேட்டாலும் ஒங்க வீட்டுக்காரருதான் அனுப்புனாருங்கறாங்க."

"அப்ப இந்த மாசம் நல்ல வெட்டு!" என்றேன் பெருமையாக.

ஊசிக்கு ஆளுக்கு இவ்வளவு என்ற என் கணக்கைச் சொன்னதும் அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பேச முடிந்தது.

"பத்து பேரப் பாத்தாலும் நூறு பேரப் பாத்தாலும் எனக்கு ஒரே சம்பளம்தாங்க. கவர்மெண்டுல கிரேடு பாப்பாங்க, எத்தன வருசம் சர்வீஸுன்னு பாப்பாங்க. ஆஸ்பத்திரியில ராத்திரி சிப்ட் செஞ்சா அதுக்குத் தனியா உண்டு. சிங்கப்பூர் போனா அந்த ஊரு காசு. இங்கயே இருந்து ஏறணும்னா மேல படிக்கணும்."

"அப்ப படியேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. பிரசவம் பார்க்கும் மேற்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. தலைநகரான கே.எல்.லில் ஒரு வருடம் தங்க வேண்டும். முடித்தால் மாதா மாதம் அலவன்ஸ். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லப்போகிறாளாம்.

"புள்ளைங்கள யாரு பாத்துக்குவாங்க? நீங்களா? சோறாக்கச் சொன்னா கஞ்சியாக்குற ஆளு."

கஞ்சி என்னவோ உண்மைதான்.

மறுநாள் காலை லோரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா வேலிப் பக்கம் வந்தார். என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன்.

"ஏண்டா தம்பி, குலையத் தூக்கிப் போடுற மாதிரி என்னை லோரியில போட்டுக்கிட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா? வெயிலுன்னு வீட்டுலயே கெடந்திருந்தா என்ன ஆயிருக்கும்? எனக்கு இனிப்பு நீரு, சக்கர வியாதின்னு ஒம்பொண்டாட்டிதானே கண்டுபுடிச்சா. புள்ளைங்கள எங்கிட்ட விடு. ஒன்னையத்தான் வச்சு சமாளிக்க முடியாது."

சாயங்காலம் அக்காவே வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அதற்குள் சேதி தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. நான் லோரியில் ஏற்றிப்போன முட்டிவலிக்காரர், எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். இருமல்காரம்மா சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் சம்பல் செய்து தருகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை மனைவி போகிறேன் என்று பதில் சொன்னாள்.

அந்த வருடம் என் பிள்ளைகள் கொஞ்சம் சதைகூடப் போட்டார்கள். அத்தனை வீட்டுச் சோறு.

இப்போது அவள் படிப்பை முடித்துத் திரும்பி, பிரசவமும் பார்க்கிறாள். சம்பளம் ஏறியிருக்கிறது. மிஸ்ஸி சம்பளம் எதை வைத்து ஏறும் என்று தோட்டத்தில் யாராவது கேட்டால், கிரேடு, சர்வீஸ், சிப்ட், படிப்பு என்று நானே தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி மாதிரி விளக்குவேன். கடைசியில், "அப்புறம் பக்கத்து வீட்டுல நல்ல அக்கா இருக்கணும்" என்பேன். சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஏறிய சம்பளம் வந்த முதல் மாதம் மனைவி அக்காவுக்கு ஒரு நல்ல சேலை எடுத்தாள். எனக்கும் ஒரு பெரிய பெட்டி வந்தது. ஆசையோடு பிரித்தேன்.

ரைஸ் குக்கர்.