சந்தியில் முதல் பேனர்

மல்காந்தி அக்கே விளம்பரத்துக்கென்று ஒரு சதம்கூடச் செலவழித்தவள் அல்ல. ஆனாலும் ஹல்மில்லவெவ ஊரில் அவளுடைய கடைத் தொலைபேசி இலக்கம் தெரியாத ஆள் கிடையாது.

திரைச்சீலை தைக்கும் கடை அவளுடையது. தைத்து மிஞ்சும் துண்டுத் துணியில் கைப்பை தைப்பாள். "மல்காந்தி திரைச்சீலை, சந்தை வீதி" என்று தூரிகையால் எழுதி, கீழே இலக்கத்தையும் போட்டு, மரக்கறி வாங்க வருகிறவர்களுக்குச் சும்மா கொடுப்பாள். பஸ்ஸுக்கு ஜன்னல் சீலை தைத்தால் கூலியைக் குறைத்துக்கொண்டு ஓரத்தில் பெயரைப் போட்டுவிடுவாள். விகாரையின் போதனை மண்டபத்துக்குச் சீலை காணிக்கை கொடுத்தபோது பெயரை மேலே எழுதவில்லை, கீழ் விளிம்பில் எழுதினாள். போதனை கேட்க வருகிறவர்கள் தரையில் பாய் போட்டு உட்காருவார்கள், கண்ணுக்கு நேரே இருப்பது கீழ் விளிம்புதானே! விகாரையின் தலைமைப் பிக்கு நாயக்க ஹாமுதுரு அதைப் பார்த்துவிட்டு, "மல்காந்தி, டெலிபோன் நம்பர் வர்ற சூத்திரம் எது? நான் படிச்சதே இல்லையே" என்று கேட்டாராம். அவள் கைகூப்பிச் சிரித்துவிட்டு வந்துவிட்டாள். சீலை இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலானது சாவு வீட்டு பேனர். எங்கள் ஊரில் ஒருவர் போய்விட்டால் வீதி நெடுக வெள்ளைக்கொடி கட்டுவார்கள். கடைக்காரர்கள் ஆளுக்கொரு அனுதாப பேனர் கட்டுவார்கள், அடியில் தங்கள் கடைப் பெயரோடு. மணிக்கூட்டுச் சந்தியில் முதலில் கட்டப்படும் பேனரைத்தான் வருகிறவன் போகிறவன் எல்லாம் வாசிப்பான். இரண்டாவதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மற்றவர்கள் அச்சகத்துக்கு ஓடி பேனர் அடித்து வருவதற்குள் இவள் மிச்சமிருக்கும் வெள்ளை லைனிங் துணியை விரித்து, கறுப்புச் சாயத்தில் எழுதிக் கட்டிவிடுவாள். எழுத்து அழகாக இருக்கும். பிழையும் தாராளமாக இருக்கும். சிங்களத்திலும் நம்மைப்போல ன, ண தகராறு உண்டு. அவளுக்கு அந்தத் தகராறு இன்றுவரை தீரவே இல்லை.

அந்தப் பிழைக்காகப் பள்ளிக்கூடத்தில் அவள் தலையில் குட்டியவர் வாத்தியார் குணரத்ன மாத்தயா. இங்கே மாத்தயா என்றால் ஐயா. எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. பின்னாளில் அவருடைய கட்டிடத்திலேயே கடை எடுத்தாள். வரிசையாக ஐந்து கடைகள். அவள் கடையை ஒட்டின பொந்தில் நான் வாட்ச் பழுது பார்க்கிறேன், சாவியும் வெட்டிக் கொடுக்கிறேன். ஹட்டனிலிருந்து வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. பெயர் கதிர்வேல், ஆனால் அவளுக்கு நான் மல்லி. அவளுக்குச் சொந்தத் தம்பி இல்லை, அந்த இடத்தை எனக்குக் கொடுத்திருந்தாள்.

மாத்தயாவின் மகன் லசந்த கொழும்பில் இருக்கிறார். அவருக்கு இந்த ஐந்து கடைகளையும் இடித்துவிட்டு மாடி கட்ட ஆசை. எங்கள் யார் கையிலும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எண்பத்தொரு வயதுக் கிழவரின் வாய்வார்த்தைதான் எங்கள் கூரை. போன சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும் அவரே ஒரு நாள் மல்காந்தியின் கடையில் வந்து உட்கார்ந்து, "திங்கக்கிழமை பத்து மணிக்குப் பத்திரம் எழுதுற நொத்தாரிசை வரச் சொல்லியிருக்கேன். அஞ்சு கடைக்கும் அஞ்சு வருஷக் குத்தகை எழுதிக் கையெழுத்து போட்டுத் தர்றேன். என் மகனை எனக்குத் தெரியும்" என்றார். வியாழக்கிழமை அவருக்கு நெஞ்சுவலி வந்து, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மல்காந்தியின் போன் அடித்தது. மாத்தயாவைப் பார்த்துக்கொள்ளும் சோமபால, யாரோ ஒருவரின் போனிலிருந்து பேசினான். ஒரே அழுகை.

"அக்கே, மாத்தயா நெத்தி உனா! நான் தேத்தண்ணி வாங்கப் போயிட்டு வர்றதுக்குள்ள..." அவ்வளவுதான், போன் நின்றுவிட்டது.

நெத்தி உனா என்றால் இல்லாமல் போய்விட்டார். எங்கள் ஊரில் செத்தவருக்கு அப்படித்தான் சொல்வோம். அவள் துணிக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வாயில் சீலையை வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். அவருக்காகவும் அழுதோம், எங்களுக்காகவும் அழுதோம், அதை மறைப்பானேன்.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"மல்லி, அந்த வெள்ளைத் துணியைப் பிடி."

"இப்பவேவா அக்கே? உடம்புகூட வந்து சேரலையே."

"ஹார்ட்வேர் கடைக்காரன் கேள்விப்பட்டா முந்திக்குவான். அதுவும் இல்ல... லசந்த மாத்தயா கொழும்புல இருந்து இந்தச் சந்தி வழியாத்தானே வரணும்? அப்பாவுக்கு முதல்ல துக்கப்பட்டவ யாருன்னு அவர் கண்ணுல படட்டும். மனசு கொஞ்சம் இளகாதா?"

அவளுடைய விளம்பரங்களிலேயே ஒரே ஒரு ஆளுக்காக எழுதப்பட்டது அது. கண்ணீர் துணியில் சொட்டச் சொட்ட எழுதினாள்: "எங்கள் குனரத்ன மாத்தயாவுக்கு நிவன் சுகம் கிட்டட்டும்." நிவன் சுகம் என்றால் பௌத்தர்கள் செத்தவருக்கு வேண்டும் நிர்வாணப் பேறு. அடியில் கடைப் பெயர், இலக்கம். நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: "ஓரத்துல என் பேரையும் போட்டுடுங்க அக்கே" என்று கேட்டேன். "கதிர் வாட்ச்" என்று சின்னதாகப் போட்டாள்.

ஆட்டோக்கார நிஹாலின் ஏணியில் ஏறி, ஒன்பது மணிக்கெல்லாம் சந்தியின் குறுக்கே கட்டிவிட்டோம். மரண உதவிச் சங்கத்துக்காரர் கொடிக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, உடம்பு எத்தனை மணிக்கு வருமென்று கேட்டார். யாரோ லசந்தவுக்கு போன் போட்டு அனுதாபம் சொல்லிவிட்டார்கள். பத்து மணிக்குச் சற்று முன் நொத்தாரிசு மோட்டார் சைக்கிளில் வந்தார். பேனரை வாசித்தார், ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு நிமிஷம் நின்றார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மல்காந்தி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போச்சு மல்லி" என்றாள். "இனி அந்தக் காகிதத்தை யார்கிட்டக் கேட்கிறது?"

பத்தும் பத்துக்கு மறுபடி போன். சோமபாலதான்.

"அக்கே, மாத்தயா அங்க வந்தாரா?"

"எந்த மாத்தயா?"

"நம்ம மாத்தயாதான்! வார்டு வார்டாத் தேடிட்டேன். கட்டில்ல ஆள் இல்ல, செருப்பும் இல்ல."

"நெத்தி உனான்னு நீதானேடா சொன்னே?"

"ஆமா அக்கே, இன்னமும் நெத்திதான்! கிடைக்கவே இல்ல!"

பாழாய்ப்போன சொல். செத்துப்போனாலும் அதேதான், தொலைந்துபோனாலும் அதேதான். சாவி தொலைந்துவிட்டதென்று என்னிடம் வருகிறவர்கள் தினம் பத்துப் பேர் அதைச் சொல்கிறார்கள், எனக்காவது புத்தி வேண்டாமா? மல்காந்தியின் முகம் அந்த வெள்ளைத் துணியைவிட வெளுத்துவிட்டது.

"உனக்கு ஏன்டா என் நம்பர்தான் கிடைச்சுது?" என்று கத்தினாள்.

"எனக்கு வேற நம்பர் ஞாபகம் இல்லையே அக்கே. உங்க பைதானே கையில இருக்கு, அதுல பார்த்துத்தான் அடிச்சேன்."

பத்தேகாலுக்கு நகரத்து பஸ் சந்தியில் திரும்பும். செருப்பு போட்டுக்கொண்டு புறப்பட்ட கிழவர் வேறெங்கே போவார்? நெஞ்சுவலிக்காரர், தன் சாவுச் செய்தியைத் தானே நடுச்சந்தியில் வாசித்தால் என்ன ஆகும்? அந்த இடத்திலேயே ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழி யாருக்கு?

ஓடினோம். ஏணியோடு நிஹால் சவாரி போயிருந்தான். மல்காந்தி திரும்பிக் கடைக்கு ஓடி, திரைச்சீலை மாட்டும் நீளமான பைப்பை எடுத்து, அதன் நுனியில் துணி வெட்டும் கத்தியைக் கட்டிக்கொண்டு வந்தாள். கயிற்றை அறுக்கிறாள், அறுக்கிறாள், நைலான் கயிறு அசைய மாட்டேன் என்கிறது. தூரத்தில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. சந்தியில் நின்றவர்கள் ஒன்றும் புரியாமல், "பைத்தியமா இவளுக்கு? செத்தவர் பேனரை ஏன் அறுக்கிறா?" என்றார்கள்.

ஒரு பக்கக் கயிறு அறுந்தது. துணி சரிந்து, திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸின் முன்கண்ணாடியில் போய் அப்படியே விழுந்து மூடியது. டிரைவர் பிரேக் போட்டான். கதவு திறந்தது. முதலில் ஒரு ரப்பர் செருப்பு இறங்கியது, பிறகு இடுப்பில் கட்டிய ஆஸ்பத்திரிச் சாரம், பிறகு குணரத்ன மாத்தயா. புறங்கையில் ஊசியும் பிளாஸ்திரியும் அப்படியே இருந்தன.

சங்கத்துக்காரர் கொடிக்கட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். மாத்தயா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பஸ் முகத்தில் தொங்கிய துணியை இரண்டு கையாலும் இழுத்து நேராக்கினார். விரல் வைத்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். அடிவரை வாசித்தார். இலக்கத்தையும் வாசித்தார்.

"மல்காந்தி."

அவள் பைப்பைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"குணத்துக்கு எந்த ண?"

"மாத்தயா..."

"எந்த ண?"

"பெரிய ண, மாத்தயா."

"நீ போட்டது?"

"சின்ன ன."

"எட்டாம் வகுப்புல எத்தனை தரம் குட்டியிருப்பேன்? சாகும்போதாவது என் பேரைச் சரியா எழுத மாட்டியா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "கதிர் வாட்ச்! நீயுமா? எனக்கு நேரம் முடிஞ்சிடுச்சுன்னு உன் வாட்ச் சொல்லுச்சா?"

யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். மல்காந்தி மட்டும் அவர் காலடியில் விழுந்து விக்கி விக்கி அழுதாள். அவர் குனிய முடியாமல் அவள் தலையில் கையை வைத்தார், குட்டவில்லை.

"எழுந்திரு. நொத்தாரிசு வந்தாச்சா? இன்னிக்குத் திங்கக்கிழமைதானே? திங்கக்கிழமைன்னு உங்கிட்டச் சொல்லியிருந்தேனே. அந்த டாக்டர் விட மாட்டேன்னுட்டான், அதான் சொல்லாம வந்துட்டேன்."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எங்களுக்குச் சொன்ன சொல்லுக்காகக் கட்டிலை விட்டு இறங்கி வந்திருக்கிறார். நாங்கள் அவரைச் சாகடித்துத் துணி கட்டி, கையெழுத்து வாங்க வந்த நொத்தாரிசையும் அதைக் காட்டியே திருப்பி அனுப்பியிருக்கிறோம். என் பதினெட்டு வருஷத்தில் அவ்வளவு கூசிப்போன நாள் வேறில்லை.

அவரைக் கடைக்குள் உட்கார வைத்தோம். உதடு நீலமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகலாம் என்று மல்காந்தி கெஞ்சினாள். "கடை எனக்கு வேணாம் மாத்தயா, நீங்க வாங்க போகலாம்" என்றாள். கையெழுத்து போடாமல் அசைய மாட்டேன் என்றார். நான் நொத்தாரிசுக்கு போன் போட்டேன். "செத்தவர் கையெழுத்து போடுறாரா? என் லைசென்ஸ் போறதுக்கா?" என்று வைத்துவிட்டார். சவாரியிலிருந்து திரும்பிய நிஹாலை ஆட்டோவோடு அனுப்பி, அந்த மனுஷனை அள்ளிப்போட்டுக்கொண்டு வரச் செய்தோம். லசந்தவுக்கு யாரும் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை, அவர் கார் எந்த நிமிஷமும் வரும். பிளேன்டீயைப் பாதி குடித்துவிட்டு, ஐந்து பத்திரத்திலும் மாத்தயா கையெழுத்து வைத்தார். கடைசிப் பத்திரத்தில் மை காய்வதற்குள் வெளியே கார் வந்து நின்றது.

லசந்த உள்ளே வந்தார். அழுது வீங்கிய கண். தகப்பனைப் பார்த்ததும் வாசலிலேயே கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு மூலையில் குவிந்துகிடந்த துணியைப் பார்த்தார்.

"யார் இதைக் கட்டினது? இவங்க எப்ப நீங்க சாவீங்கன்னு காத்துக்கிட்டு இருக்காங்க, இவங்களுக்கா அப்பா நீங்க..."

"சத்தம் போடாதே. நான்தான் எழுதச் சொன்னேன்" என்றார் கிழவர். "உயிரோட இருக்கும்போதே எழுத்துப்பிழை பார்த்துடணும்னு."

ஆஸ்பத்திரிக்குத் திரும்ப மகனின் காரில் ஏறும்போது கிழவர் அவளைக் கூப்பிட்டார். "நல்ல துணி. வீணாக்காதே. அந்த ஒரு எழுத்தைத் திருத்தி எடுத்து வை."

எழுபத்திரண்டு நாள் கழித்து, ஆனி மாதத்தில் அவர் உண்மையாகவே போனார். இந்த முறை மூன்று பேரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டோம். மல்காந்தி அலமாரியிலிருந்து அந்தத் துணியை எடுத்தாள். சின்ன ன எப்போதோ பெரிய ணவாகத் திருத்தப்பட்டிருந்தது. கத்தரிக்கோலை எடுத்து, கடைப் பெயரும் இலக்கமும் இருந்த அடிப்பகுதியை நேராக வெட்டினாள். ஓரத்தில் இருந்த என் பெயரும் அதோடு போனது.

"சந்தியில முதல்ல நம்மதுதானே அக்கே இருக்கும்?" என்றேன், கேட்க வேண்டுமே என்று.

"சந்தியில கட்டல மல்லி, வீட்டு வாசல்லயே கட்டிடுவோம்" என்றாள். "வாசிக்க வேண்டியவர் அன்னிக்கே வாசிச்சுட்டார்."

வெட்டிய துண்டை நான்காக மடித்து மேசைக்குள் வைத்தாள். அதில் மட்டும் அவள் பை தைக்கவில்லை.