லேமினேஷன் போட்ட விளையாட்டு

கொல்லிமலையில் ஈரத்துக்குத் தப்பியது எதுவும் கிடையாது. உப்பு நீர்த்துப்போகும், தீப்பெட்டி நமுத்துப்போகும், ரேஷன் கார்டில் பூஞ்சணம் பூக்கும். அதனால் எங்கள் எடப்புளி நாட்டு மலையூர்களில் மதிப்புள்ள காகிதம் எதுவானாலும் சோளக்காடு கடைவீதிக்குக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டுவிடுவார்கள். என் அம்மாவுக்கு அது ஒரு பித்து. பட்டா நகல், என் மார்க் ஷீட், யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ அது வரைக்கும் பளபளவென்று பெட்டிக்குள் கிடக்கும். நல்லவேளை, மனுசருக்கு லேமினேஷன் போட முடியாது என்று அப்பா கேலி செய்வார்.

அண்ணன் காலேஜை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேலியும் நின்றுபோனது. அவனுக்கு இரண்டு கிட்னியும் பழுது. ரத்தம் சுத்தம் பண்ண அம்மாவும் அவனும் வாராவாரம் பஸ் பிடித்துச் சேலத்துக்குப் போவார்கள். நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன்.

ஹாஸ்டல் நண்பன் கொடுத்தது என்று அண்ணன் ஒரு பழைய விளையாட்டு மெஷினைக் கொண்டுவந்திருந்தான். கைக்குள் அடங்கும். அதன் தலையில் மாட்ட இன்னொரு கருவி, அதில் ஒரு சந்து. ஓரத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி அச்சடித்த அட்டையை அந்தச் சந்தில் வைத்து ஒரே இழுப்பாகத் தேய்த்தால், புள்ளிகளைப் படித்து மெஷினில் விளையாட்டு வரும். கம்பெனி விற்ற அட்டைக்கு மட்டும் என்று செய்த கருவி அது. அண்ணன் அந்தப் புள்ளிகளின் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டான். அதே நண்பன் இரவல் கொடுத்த லேப்டாப்பில் சொந்தமாக விளையாட்டு எழுதி, பென்டிரைவில் அப்பாவிடம் கொடுத்து, நாமக்கல்லில் அச்சடித்து வரச்சொல்வான். ஒரு விளையாட்டுக்கு ஐந்தாறு அட்டை ஆகும்; அச்சில் புள்ளியோடு புள்ளி ஒட்டிக்கொண்டால் அட்டை பாழ்.

முதலில் செய்தது குரங்கு விளையாட்டு. எங்கள் தோட்டத்து வாழைத்தாரைக் குரங்கு பறிக்கும், தலைப்பாகை கட்டிய ஒரு ஆள் துண்டை வீசித் துரத்துவார். அது அப்பாதான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். அப்பா அதை விளையாடும்போது மெஷினைப் பார்த்து, "அட எடுபட்ட பயலே, போடா அங்கிட்டு!" என்று கத்துவார். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அப்புறம் அப்படியே படுத்துக்கொள்வான்.

அடுத்து எனக்காக 'நம்ம பஸ்' என்று ஒரு விளையாட்டுச் செய்யப்போவதாகச் சொன்னான். நான் டிரைவர். கொண்டை ஊசி வளைவெல்லாம் திருப்பி, மூடுபனியில் ஹாரன் அடித்து, பஸ்ஸை அடிவாரம் சேர்க்க வேண்டும். நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். அவனும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தே இருந்தான்.

மழை பிடித்த மாதத்தில் ஒரு நாள் அப்பா ஆறு அட்டை கொண்டுவந்தார். அண்ணன் அவற்றை என் கையில் கொடுத்தான். அவன் முகம் ஊதிப்போயிருந்தது.

"பாப்பா, இப்பத் தேய்க்காதே. நான் சேலம் போயிட்டு வாரேன். ரெண்டு பேரும் ஒண்ணாத் தேய்க்கலாம்."

அவனை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள்.

சொன்ன சொல்லை நான் காப்பாற்றினேன். அட்டைகளை அம்மாவின் பெட்டியில் வைத்ததோடு சரி, கருமாதி முடிகிறவரை தொடவே இல்லை. துக்கத்துக்கு வந்த நண்பன் லேப்டாப்பை எடுத்துப்போனான், மெஷினை எனக்கே விட்டுவிட்டான். கருமாதிக்கு மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து பெட்டியைத் திறந்தேன். ஆறு அட்டையும் கெட்டியாக, பளபளவென்று லேமினேஷனுக்குள் இருந்தன.

சந்துக்குள் நுழையவே இல்லை. பிளேடால் ஒன்றை உரித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக்கோடு மையும் புள்ளியும் சேர்ந்து வந்துவிட்டன. ஐயோ, அன்றைக்கு நான் போட்ட கூப்பாடு!

"உனக்கு அறிவிருக்குதாம்மா? இனி அண்ணனா வந்து செஞ்சு குடுப்பான்?"

"எனக்கென்ன தெரியும் கண்ணு? நனைஞ்சு போயிருமேன்னு போட்டேன்" என்றாள் அம்மா. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொங்கல் வரை அவளோடு நான் பேசவில்லை. வளர வளரக் கோபம் கேலியாக மாறியது. ஹாஸ்டலில், வேலை செய்யும் இடத்தில், சொந்தக்காரர் நடுவில், விளையாட்டுக்கே லேமினேஷன் போட்ட என் அம்மாவின் கதையைச் சொன்னால் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் அவளும் சிரிப்பாள்.

இப்போது நான் சேலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். இந்தக் கதையைக் கேட்ட கூட்டாளி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. நல்ல ஸ்கேனரில் வைத்தால் பிளாஸ்டிக்குக்கு மேலேயே புள்ளியைப் படித்துவிடலாம் என்றாள். மிச்சமிருந்த ஐந்து அட்டையையும் கொண்டுவந்து வைத்தோம்.

பஸ் இல்லை. ஐந்தும் ஒரே அட்டை. குரங்கு விளையாட்டின் முதல் அட்டையையே திரும்பத் திரும்ப அச்சடித்திருந்தான்.

அந்த வாரமே ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். பாயில் மிளகைப் பரப்பிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியும் சாமி. கடைசியில அவனுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. சும்மாதான் அந்தப் பொட்டி முன்னால உக்காந்திருந்தான். பஸ்ஸுல போறப்பச் சொன்னான், 'பாப்பா ஆசையாக் கேக்குது, ஏமாத்திப்போட்டேன். நான் வந்தா எப்படியாச்சும் செஞ்சு குடுத்தர்றேன். வராட்டி, அதைத் தேய்க்க உட்றாதம்மா'ன்னு."

"அதுக்கு எங்காச்சும் ஒளிச்சு வெச்சிருக்கலாமேம்மா?"

"ஒளிச்சா தேடுவே. எரிச்சா ஏன்னு கேப்பே. லேமினேஷன் போட்டா, கிறுக்கி, இவளுக்கு இதே பொழப்புன்னு நெனச்சுக்குவே. என்னையத்தானே வைவே, வைதுட்டுப் போ."

மிளகைக் கையால் துழாவிவிட்டுக்கொண்டே இருந்தாள். ஆறாவது படித்த எனக்கு அன்றைக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.