ஏழாயிரம் வெள்ளிப் போனும் ரோலண்டும்

ரோலண்டுக்கு வயது நாற்பத்தெட்டு. அதில் இருபத்து நான்கு வருடம் ஹேண்ட்போன் கவுண்டருக்குப் பின்னால் நின்றே கழிந்தது. கால் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. செனாயில் வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகும் சிப் இத்தனை, லென்ஸ் இத்தனை என்று ஆரம்பித்துவிடுவான். மனைவி ஐலீன் கரண்டியோடு நின்று, குழம்பா ரசமா, அதை முதலில் சொல்லுங்கள் என்பாள். லென்ஸை முடித்துவிட்டுத்தான் அவன் குழம்புக்கு வருவான்.

பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசித் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா வெயிலில் பழம் வெட்டினார். தான் ஏர்கோனுக்குள் டை கட்டி நிற்பதில் அவனுக்குத் தாங்க முடியாத பெருமை. முதலில் சேர்ந்த கம்பெனிதான் எதிர்காலம் என்றான். ஆறு வருடத்தில் அது கடையைக் கட்டியது. அடுத்த கம்பெனிதான் நிஜமான எதிர்காலம் என்றான். அது நாலு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மூன்றாவது கம்பெனி போகிறபோது சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் கவுண்டர் இருந்த இடத்தில் வெறும் தரை இருந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு மாதம் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பான். பிறகு வேறு ஒரு கம்பெனிக்காரன் கூப்பிடுவான், எதிர்காலம் மறுபடியும் பிறந்துவிடும்.

இப்போதைய கம்பெனி அவனுக்கு 'பிரீமியம் ஸ்பெஷலிஸ்ட்' என்று பேட்ஜ் குத்திவிட்டிருந்தது. ஜோகூர் பாருவில் ஒரு பெரிய மாலின் கீழ்த்தளத்தில் கவுண்டர். சரக்கு ஒன்றே ஒன்றுதான்: புத்தகம் மாதிரி திறந்து மூடுகிற போன், விலை ஏழாயிரம் வெள்ளி, அதாவது ஏழாயிரம் ரிங்கிட். அதைப் பற்றிப் பாடம் நடத்தக் கோலாலம்பூரில் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே மீசை முளைக்காத ஒருத்தன் மேடையில் ஏறி, போட்டி கடுமையாகிவிட்டது, அதனால் இனி மேல்தட்டு மக்களுக்கு மட்டும்தான் விற்கப் போகிறோம் என்றானாம். அந்த மேல்தட்டு மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று ரோலண்ட் சொன்னான்.

ஐலீனுக்கு இந்த வியாபாரத்தின் லட்சணம் நன்றாகவே தெரியும். விலை ஏற ஏறப் பெட்டி இளைத்துக்கொண்டே வந்தது. முதலில் இயர்போனை எடுத்தார்கள். அப்புறம் சார்ஜரை எடுத்தார்கள். கேட்டால் பூமியைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். பூமியைக் காப்பாற்றிவிட்டு அதே சார்ஜரைத் தனியாக விலை போட்டு விற்றார்கள். ரோலண்ட் இதையும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விளக்குவான்.

வாங்க வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக வருவார்கள், போனைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள், அதிலேயே செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். அரை மணி நேரம் ரோலண்டின் தொண்டைத் தண்ணியை வற்ற வைத்துவிட்டு, எதிர்க் கவுண்டரில் தொள்ளாயிரம் வெள்ளி செட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். எதிர்க் கவுண்டரில் செட்டுகளைப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சட்டை குவிக்கிற மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் ரோலண்ட் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

இந்த வருடம் அந்தப் பேட்ஜுக்கும் ஆபத்து வந்தது. சூப்பர்வைசர் செல்வா, இருபத்தாறு வயதுப் பையன், நேராகவே சொல்லிவிட்டான்: மாதக் கடைசிக்குள் இரண்டு செட் விற்றால் கவுண்டர் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. வீட்டுக்கு வருவது ரோலண்டின் சம்பளம் ஒன்றுதான். கவுண்டர் போனால் நாற்பத்தெட்டு வயதுக்காரனை எவன் கூப்பிடுவான்? அன்றிலிருந்து ஐலீன் அந்தப் போனைத் திட்டுவதை நிறுத்தினாள். பிடிக்காத சாமானாக இருந்தாலும் இரண்டு விற்றாக வேண்டும்.

ஐலீனின் தங்கை ஏஞ்சலாவுக்குக் குழந்தை பிறந்து நாலு மாதம். பொந்தியான் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஞானத்தாய் ஐலீன். ஏஞ்சலாவின் புருஷன் கில்பர்ட் சிங்கப்பூரில் வேலை செய்கிறவன், நல்ல பையன், கொஞ்சம் பந்தா உண்டு. ரோலண்ட் அவனைப் பிடித்தான். பேசி வைத்த ஃபோட்டோக்காரனை வேண்டாம் என்று சொல்லிவிடு, நான் எடுக்கிறேன், இந்த செட்டில் எடுத்தால் விளம்பரத்தில் வருகிற மாதிரி வரும் என்றான். கில்பர்ட்டும், அப்படி வந்தால் எனக்கொன்று ஏஞ்சலாவுக்கொன்று, இரண்டு எடுத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஃபோட்டோக்காரனை நிறுத்தியும் விட்டான்.

ரோலண்டுக்குச் சொந்தமாக அந்தப் போன் கிடையாது. ஏழாயிரம் வெள்ளிப் போனை விற்கிறவன் எவனிடமும் அது கிடையாது. கவுண்டரில் கம்பியில் கட்டி வைத்திருந்த டெமோ செட்டைச் செல்வாவிடம் கேட்டான். ஞாயிறு சாயங்காலத்துக்குள் கொண்டுவந்தால் போதும் என்று செல்வா சனி இரவு கழற்றிக் கொடுத்தான். இருபத்து நாலு வருடத்தில் டெமோ செட்டை வெளியே கொண்டுபோவது ரோலண்டுக்கு அதுதான் முதல் தடவை. அந்தப் பையனுக்கும்தான்.

கோயிலில் அவன் பண்ணிய அலப்பறையைச் சொல்லி மாளாது. போனைப் பாதி மடித்துத் தரையில் வைத்து ஒரு கோணம், பெஞ்சு மேல் வைத்து ஒரு கோணம். ஃபாதர் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றியதும், இன்னொரு தடவை ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினான். ஃபாதர் ஒரு பார்வை பார்த்தார். குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த ஐலீனுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிறகு கோயில் மண்டபத்தில் பிரியாணி. ரோலண்ட் சாப்பிடவில்லை. போனை விரித்து மேசை மேசையாகப் போய்ப் படம் காட்டினான். உண்மையைச் சொல்ல வேண்டும், படங்கள் நன்றாகத்தான் இருந்தன. கில்பர்ட்டுக்கு முகமெல்லாம் பல்.

"ஓகே லா அண்ணே. செவ்வாக்கிழமை வரேன். ரெண்டு செட் எடுத்து வைங்க" என்றான்.

ஐலீனுக்கு அப்போதுதான் சோறு உள்ளே இறங்கியது.

மணி ஒன்று அடித்தது. ரோலண்டின் கையில் இருந்த போன் கத்த ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் கத்துகிற மாதிரி கத்தியது. திரை முழுக்கச் சிவப்பு. மலாயிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்து: இந்தக் கருவி கடையிலிருந்து அனுமதியில்லாமல் எடுக்கப்பட்டது, உடனே திருப்பி ஒப்படைக்கவும். கடை திறந்து மூன்று மணி நேரத்துக்குள் தன் கவுண்டரில் இல்லாவிட்டால் திருட்டுப்போனதாக நினைத்துக்கொள்கிற மாதிரி அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். அது வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. பேட்ஜ் குத்திய ஸ்பெஷலிஸ்டுக்குமா தெரியாது?

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பின் மேசையில் யாரோ, திருட்டு சாமானா என்று கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. ரோலண்ட் பொத்தானை அழுத்தினான், மடித்தான், அதன் மேலேயே உட்கார்ந்தான். அது அடங்கவில்லை. ஐலீன் அதைப் பிடுங்கிக் காலியான பிரியாணி அண்டாவில் போட்டு மூடினாள். சத்தம் கோயில் மணி மாதிரி இரட்டிப்பாகக் கேட்டது.

ஐலீனின் போனை வாங்கி ரோலண்ட் செல்வாவைக் கூப்பிட்டான். கவுண்டரில் கொண்டுவந்து மாட்டினால்தான் நிற்கும் என்றான் செல்வா. அதிலிருந்த படங்கள்? கத்த ஆரம்பித்ததுமே அது எல்லாவற்றையும் அழித்துவிட்டிருக்குமாம்.

ஏஞ்சலா அழுதுவிட்டாள். நாலு மாதமாக அந்தக் குழந்தைக்காக வெள்ளைக் கவுனுக்குத் தானே லேஸ் வைத்துத் தைத்தவள். ரோலண்ட் யார் முகத்தையும் பார்க்காமல் போனை எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினான். ஜோகூர் பாரு வரைக்கும் ஒரு மணி நேரம், கூடவே அந்தச் சத்தம். அனுபவிக்கட்டும் என்று ஐலீன் விட்டுவிட்டாள்.

பிறகு மண்டபத்தின் நடுவில் போய் நின்றாள்.

"இன்னைக்கு யார் யார் ஃபோட்டோ எடுத்தீங்க? சும்மா எடுத்தது, கை ஆடி எடுத்தது, எல்லாத்தையும் இப்பவே ஏஞ்சலாவுக்கு அனுப்புங்க. அனுப்புனவங்களுக்குத்தான் ஐஸ்கிரீம்."

பத்து நிமிடத்தில் நூற்றைம்பது படம் வந்து விழுந்தது. தண்ணீர் ஊற்றியது, குழந்தை வாயைக் கோணியது, ஃபாதர் ரோலண்டை முறைத்தது, எல்லாம் இருந்தது. ஏஞ்சலா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பார்த்தாள், பார்க்கப் பார்க்கச் சிரித்தாள். கில்பர்ட் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். குழந்தையின் நெற்றியில் தண்ணீர் சொட்டு நிற்பதுகூடத் தெளிவாக விழுந்திருந்தது. யார் எடுத்தது என்று கேட்டான். கோயில் கணக்கர் தங்கராஜுவின் மனைவி. என்ன செட்? எதிர்க் கவுண்டரில் குவித்து வைத்திருக்கிற அதே தொள்ளாயிரம் வெள்ளி செட்.

கில்பர்ட் தலையைச் சொறிந்துகொண்டு ஐலீனிடம் வந்தான்.

"அக்கா, வாக்குக் கொடுத்துட்டேன். அண்ணன் வேலை விஷயம்னும் தெரியும். எடுத்துக்கறேன், பரவால்ல."

ஐலீன் அவனைப் பார்த்தாள். ஆமாம் தம்பி, எடுத்துக்கோ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முகத்துக்காக இரண்டையும் எடுத்துக்கொள்வான். கவுண்டர் தப்பிக்கும், சம்பளம் வரும். ஆனால் இவன் தினமும் விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டி, மழையில் நனைந்து சம்பாதிக்கிறவன். ஏஞ்சலா அந்தப் போனைத் திறந்து பழகுவதற்குள் குழந்தை தவழ ஆரம்பித்து அதை மாவு டப்பாவில் போட்டுவிடும்.

"வேணாம்" என்றாள். "பதினாலாயிரத்தைக் கொண்டுபோய் அதுல கொட்டுறவன் மடையன். என் வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு. நீயும் சேராத."

சாயங்காலம் ரோலண்டிடம் அதை அப்படியே சொன்னாள். மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கட்டின பெண்டாட்டியே கழுத்தறுத்துவிட்டாள் என்று அவன் மூன்று நாள் பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

மாதக் கடைசியில் செல்வா கவுண்டரைப் பிரிக்க ஆட்களோடு வந்தான். இரண்டு செட் விற்றிருந்தாலும் பிரித்திருப்பார்கள், தெற்குப் பக்கம் முழுவதையும் மூடுவதாக மேலிடம் போன மாதமே முடிவு பண்ணிவிட்டது, சும்மா விட்டால் ஆட்கள் வேலை செய்ய மாட்டார்கள் என்று அந்த இலக்கைச் சொல்லச் சொன்னார்கள் என்று பையன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கோலாலம்பூர் ஓட்டலில் மேடையேறிப் பேசியவன் இதற்குள் வேறு கம்பெனியில் எதிர்காலம் பேசப் போயிருந்தான்.

இந்தத் தடவை இரண்டு மாதம் முகத்தைத் தூக்க ஐலீன் விடவில்லை. மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு எதிர்க் கவுண்டருக்குப் போனாள். அந்த முதலாளி காளியப்பன் இத்தனை வருடமாக ரோலண்டின் தொண்டையை எதிரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர். நாளைக்கே வரச் சொன்னார். பேட்ஜ் கிடையாது, டையும் வேண்டாம் என்றார்.

முதல் நாள் இரவு ரோலண்ட் வந்து, சட்டையைக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்தான். எத்தனை விற்றது என்று ஐலீன் கேட்டாள். பதினொன்று என்றான். முந்தின வருடம் முழுக்க அவன் விற்றதைவிட அது அதிகம். இழவு வீட்டுக்குப் போய் வந்தவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

"ஒருத்தர்கூட சிப் என்னன்னு கேக்கல ஐலீன். மழையில நனைஞ்சா சாகுமா, கீழ விழுந்தா யார் செஞ்சு குடுப்பா, இதையேதான் கேக்கறாங்க. நான் பேச ஆரம்பிக்கறதுக்குள்ள வாங்கிட்டுப் போயிடறாங்க. இதுல என்ன திறமை இருக்கு? யார் வேணா விக்கலாம்."

"அப்ப உங்களாலயும் முடியும்" என்றாள் ஐலீன். "நாளைக்கும் போய் வித்துட்டு வாங்க."