கண்டம் என்று டாக்டர் சொன்னார்

என் மச்சானின் காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு சொருகியிருக்கும். என் மனைவிக்கு அண்ணன் அவர். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்குப் போகிற ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு, கார், வேன் பார்க்கிற மெக்கானிக்காக இருந்தார். வண்டி வந்து நின்றதும் பானெட்டைத் தூக்குவார். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியை இன்னொரு காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது போலவே இருக்கும். தேறாத வண்டி என்றால் நீட்டி முழக்க மாட்டார். சாக்பீஸை எடுத்து முன் கண்ணாடியில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுவார். "கண்டம்" என்று ஒரே வார்த்தை. முடிந்தது.

அந்த வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெக்கானிக்குகள் கண்டம் என்றால், இனி ஓடாது, அறுத்துப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான் என்று பொருள். ஏதோ இங்கிலீஷ் வார்த்தை தேய்ந்து அப்படி ஆனதாம். என்னைப் போலச் சாமி கும்பிடுகிறவனுக்குக் கண்டம் என்றால் வேறு. அது ஜாதகத்தில் வருகிற ஆபத்துக் காலம். ஈசன் கால் பிடித்து, விளக்கேற்றி, தாண்டிவிடலாம். நான் படித்தது எட்டாவது வரைதான். ஒரே வார்த்தைக்குள் சாவும் பிழைப்பும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்று எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மச்சானுக்கு வாய் நல்ல வாய் இல்லை. கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற டிரைவர் ஒருவர் வெள்ளிக்கிழமை தவறாமல் தன் வேனுக்குக் கற்பூரம் காட்டுவார். அந்த வேனுக்கு மச்சான் குறி போட்ட அன்று, அவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கெஞ்சினார். "பொணத்துக்கு இன்னாத்துக்கு நைனா கற்பூரம்? எட்த்துகினு போய் அறுத்துப் போடு" என்று மச்சான் சிரித்தார். எனக்கு நெஞ்சு எரிந்தது. இப்படியா பேசுவது என்று கேட்டதற்கு, "டாக்டருங்க மாரி மென்னு முழுங்க எனக்கு வராது மாப்ள. வண்டி செத்துச்சுன்னா செத்துச்சு. அது காதுல உழுவும்னு பயமா?" என்றார்.

பிறகு அவருக்கே மூச்சு வாங்க ஆரம்பித்தது. டயரைக் கழற்றினால் உட்கார்ந்துவிடுவார். திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் தெற்கத்திக்காரர், நல்ல மனிதர். படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதயத்துக்குப் போகிற குழாய்களில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ண வேண்டும் என்றார். மச்சான் நேராகக் கேட்டார்: "சுத்தி வளைக்காம சொல்லு சார். கண்டம்தானே?" டாக்டர் தலையை ஆட்டி, "ஆமாய்யா, பெரிய கண்டம்தான்" என்றார். அதற்குள் நர்ஸ் ஓடிவந்து அவசரம் என்று கூப்பிட, "தேதிய வெளிய கேட்டுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. கண்டம்தானே, தாண்டிவிடலாம். அங்கிருந்து பக்கம் என்பதால் திருப்பாச்சூர் கோயிலுக்குக் கூட்டிப் போய், அவர் பெயருக்கு அர்ச்சனை செய்துகொண்டு வந்தேன். அவர் உள்ளே வரவில்லை, மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். விபூதியை அவர் நெற்றியில் பூசப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "கண்டமானவனுக்கு இன்னாத்துக்கு மாப்ள துண்ணூறு? நீயும்தான கேட்டுகினு இருந்த?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விபூதி கையிலேயே வேர்வையில் குழைந்துவிட்டது.

"ஐயோ மச்சான், டாக்டர் சொன்னது அந்தக் கண்டம் இல்ல. ஆபத்து, தாண்டிட்டா பொழைச்சிக்குவன்னு சொன்னாரு."

"அவன் இன்னா எஞ் ஜாதகமா பாத்தான்? படம் பாத்தான்யா."

"அப்பறம் எதுக்கு ஆபரேஷன்னு சொல்றாரு?"

"கண்டமான வண்டிய எதுக்குப் பிரிப்பாங்க? ஸ்பேரு எடுக்கத்தான்" என்று பல்லைக் காட்டினார்.

நான் மறுபடி தனியாகப் போய் டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். பிழைக்கக்கூடிய ஆள், உடனே கூட்டி வாருங்கள் என்றார். மச்சானிடம் வந்து சொன்னால், "நீ அழுதிருப்ப, அவன் மாத்திக்கினான். அழுதா மாத்தறவன் டாக்டரு, நான் மெக்கானிக்கு" என்றார். மாத்திரையைச் சாக்கடையில் கொட்டினார். அவர் மனைவி எனக்குத் தங்கச்சி முறை. அவள் காலில் விழுந்து அழுதபோது, காதிலிருந்து சாக்பீஸை எடுத்துத் தன் பனியன் மேல் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார். "பாத்துக்கோ. பேஜாரு பண்ணாத." கூட நின்ற கொட்டகை ஆட்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

கோடை முடிகிற வரை அப்படியே ஓட்டினார். ஒரு காலையில் பானெட் மேலேயே கவிழ்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "இதயம் வீங்கிப் போச்சு. இனிமே கத்தி வெக்க முடியாது. ரெண்டு மூணு நாள்தான்யா. நான் சொன்ன அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா பொழைக்க வெச்சிருப்பேன்" என்றார். எதற்காக டாக்டர்கள் ஆளை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்து பேசுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

உள்ளே போனோம். மச்சான் மூக்கில் குழாயோடு டாக்டரையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வேன் டிரைவர் அவரை அப்படித்தான் பார்த்தார். "சார், கண்டமா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் சொல்லிக்கொடுத்திருந்ததால் டாக்டருக்கு இப்போது அந்த வார்த்தை தெரியும். அவர் மச்சானின் தோளைத் தொட்டு, "இல்லய்யா. ஓடும்" என்றார்.

யார் சொல்லையும் நம்பாதவர் இதை நம்பிவிட்டார். முகமே மாறியது. "நீ சொன்னதுதான் கரெக்டு மாப்ள. நான்தான் முட்டாப் பையன். ஆபரேஷன் பண்ணிக்கிறேன் சார்" என்றார். டாக்டர் சுவரைப் பார்த்தபடி, கொஞ்சம் தெம்பு வரட்டும் என்றார். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை. "உங்க சாமிக்கு ஆவுற நாளா, நல்ல நாளா பாத்து சொல்லு மாப்ள."

பஞ்சாங்கம் பார்க்காமல் வீட்டில் ஆணி அடிக்காதவன் நான். ஈசன் சாட்சியாக, நாள் விஷயத்தில் பொய் சொன்னதில்லை. "வளர்பிறையில நல்ல நாள் வருது மச்சான்" என்றேன். அமாவாசைக்கே இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"அதுக்குள்ள உடம்பத் தேத்திக்கிறேன்" என்றவர், மனைவியிடம் கஞ்சி கேட்டார். தங்கச்சி சந்தோஷத்தில் ஓடிப் போய் வாங்கி வந்து ஊட்டினாள். மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, வழிந்ததைக்கூட நாக்கால் நக்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.